பேர் தெரியாத ஆள் கல் ரோடு ரேஸில் ஜெயிப்பது எப்படி

ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிறு வாக்கில், விஷுக்கணிக்கு வெள்ளரியும் கொன்றைப்பூவும் தேடி அலைகிற அதே சமயத்தில், வட பிரான்சில் பாரிஸ்–ரூபே சைக்கிள் ரேஸ் நடக்கும். நம் நேரத்துக்கு ராத்திரி எட்டரை வாக்கில் முடியும். சில வருஷத்துக்கு ஒருமுறை, யாரும் கணக்கில் வைக்காத ஒருவர், ஜெயித்தவருக்குத் தரும் கருங்கல் பரிசைத் தலைக்கு மேல் தூக்குவார். 2011இல் யோஹான் வான்சுமரன், 2016இல் மேத்யூ ஹேமன், பெண்கள் ரேஸில் 2023இல் ஆலிசன் ஜாக்சன். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைசி அரைமணி நேரத்தை மட்டும் பார்த்தவர்கள். மூன்று பேரும் செய்த வேலை ஒன்றுதான்: பெரிய ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே கிளம்பினார்கள்.

அந்த வேலையை எப்படிச் செய்வது, அதற்கு வண்டியையும் உடம்பையும் எப்படித் தயார் செய்வது என்பதுதான் இங்கே. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று கேரள–தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சைக்கிள் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஊர்ப் போட்டியானாலும் சரி, மோசமான ரோடு உள்ள எந்த ஒருநாள் ரேஸானாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

கல் என்ன செய்கிறது

ரூபே ரேஸ் ஏறக்குறைய 260 கிமீ. அதில் 55 கிமீ மட்டும் கல் பாவிய பாதை, முப்பதை ஒட்டிய துண்டுகளாக. முதல் கல் வருவதற்கே 95, 100 கிமீ தாண்டவேண்டும். துண்டுகளுக்குப் பெரிய எண்ணிலிருந்து ஒன்று வரை இறங்குமுகமாக எண் போட்டிருப்பார்கள். இன்னும் எத்தனை மிச்சம் என்பதுதான் ஓட்டுகிறவருக்கு வேண்டிய கணக்கு. ஆரன்பெர்க் காட்டுப்பாதை, மோன்ஸ்-ஆன்-பெவேல், கார்ஃபூர் டி லார்ப்ர் ஆகிய மூன்றும் ஐந்து நட்சத்திரத் துண்டுகள், அதாவது மிகக் கடினமானவை. ஆரன்பெர்க் 1968இல்தான் ரேஸுக்குள் வந்தது. அதை எடுத்துக் கொடுத்த ழான் ஸ்டாப்லின்ஸ்கி, அந்தப் பாதைக்கு அடியில் இருந்த சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

தார் ரோட்டில் 100 பேர் கும்பலாகப் போனால் நடுவில் இருப்பவருக்குக் காற்று தெரியாது. பலமான அணி தன் தலைவனை அப்படி ஒளித்து வைத்துக் கடைசியில் அவிழ்த்து விடும். கல்லில் அது நடக்காது. பாதை ஒரு டிராக்டர் அகலம்தான். கும்பல் நீண்டு ஒற்றை வரிசையாகிவிடும். நாற்பதாவது ஆளாக நுழைகிறவர், முன்னால் ஒருவர் விழுந்தால் கால் ஊன்றி நிற்கத்தான் வேண்டும். முன்னால் இருப்பவருக்குப் பாதை தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இன்னொருவரின் பின்சக்கரம்தான் தெரிகிறது. குழியில் இறங்குவதும் பஞ்சராவதும் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று, பெரிய ஆளுக்குப் பின்னால் எல்லோரும் ஒட்டிக்கொள்வார்கள். 2011இல் ஃபாபியன் கான்செலாராதான் பலசாலி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பின்சக்கரத்தை ஒட்டி, காற்றுப் படாமல், உலகச் சாம்பியன் தோர் ஹுஷோவ்ட் உட்கார்ந்திருந்தார். ஒரு மிதி கூட உதவவில்லை. அவருடைய அணிக்காரர் வான்சுமரன்தானே முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். கான்செலாரா இழுத்தால் ஹுஷோவ்டைச் சும்மா சுமக்கவேண்டும், இழுக்காவிட்டால் வான்சுமரன் போய்விடுவார். கடைசியில் தனியே பிய்த்துக்கொண்டு வந்தும் 19 விநாடி தாமதம், இரண்டாம் இடம்.

நம் பக்கத்தில் கல்லுக்கு எங்கே போவது

பிரான்ஸ் மாதிரி கல் பாவிய பாதை இங்கே கிடையாது. இருப்பதை வைத்துப் பழகலாம்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம் சொல்லித் தரும்.

சல்லி பரப்பி ரோலர் ஓட்டி, தார் போடாமல் மாதக்கணக்கில் விட்டுவைத்த பஞ்சாயத்து ரோடு ரூபேக்கு ரொம்ப நெருக்கம். ரோலர் ஏறி இறுகிய சல்லியாக இருக்கவேண்டும். புதிதாகக் கொட்டிய 40 மிமீ சல்லியில் ஏறவே ஏறாதீர்கள். கல் உருண்டு முன்சக்கரத்தை மடக்கும், கூர்முனை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். வாய்க்கால் கரைப் பாதைகள், பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம்) பக்கமானாலும் மூலத்தறை பக்கமானாலும், நீண்ட நேரம் அதிர்வில் உட்காருவதற்கு நல்லவை. கேரளப் பக்கத்துக் கிளைச்சாலைகளில் போட்டிருக்கும் இன்டர்லாக் கட்டையில் அதிர்வு போதாது. ஆனால் மழைக்காலத்தில் அதன் மேல் பாசி பிடித்ததும், ஈரக் கல்லில் எப்படித் திரும்பக்கூடாது என்பதை அதைப் போலச் சொல்லித் தர வேறு ரோடு இல்லை. வேகத்தடைக்கு முன்னால் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளில் 35 கிமீ வேகத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்; எந்த நட்டு தளர்ந்திருக்கிறது, பாட்டில் எகிறுகிறதா என்பது மூன்று விநாடியில் தெரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிக் கரிசல் மண் உண்டு. முதல் மழைக்குப் பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவேண்டாம். கரிசல் சேறு டயரில் சுற்றிச் சுற்றி ஏறி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரத்தை நிறுத்தியே விடும். டயரின் இரண்டு பக்கமும் 5 மிமீ இடைவெளியாவது இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ரேஸே அந்த மண்ணில் போகிறது என்றால், சேறு வழிக்க ஒரு மூங்கில் சிம்பைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வது அவமானமில்லை.

வண்டி

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. நிற்காத வண்டிதான் தேவை. 35 மிமீ டயர் போட்ட சாதாரண ஹைபிரிட், 25 மிமீ டயர் போட்ட கார்பன் வண்டியை இந்த ரோட்டில் வெட்கப்பட வைக்கும்.

டயர் காற்றில்தான் பாதி ரேஸ் இருக்கிறது. கல்லுபோல் அடித்து வைத்தால் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் சாகவில்லை. மேடு பள்ளத்தில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியை மேலே தூக்குகிறது. முன்னால் போகவேண்டிய பலம் மேலே போய்விடுகிறது. மெத்தென்ற டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். ஆரம்ப அளவாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: 60 கிலோ எடையுள்ளவருக்கு, ட்யூப் போட்ட 28 மிமீ டயரில் முன்னால் 60 பிஎஸ்ஐ, பின்னால் 65. அதே ஆள் 32 மிமீ ட்யூப்லெஸ் போட்டால் முன்னால் 42, பின்னால் 46. 75 கிலோ ஆளுக்கு 28 மிமீயில் 70, 76. 32 மிமீயில் 50, 54. இதிலிருந்து 3 பிஎஸ்ஐ ஏற்றி இறக்கி உங்கள் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ரிம் கல்லில் "டங்" என்று இடித்தால் காற்று குறைவு. பல் கிட்டித்து, கண்முன் ரோடு மங்கலாகத் தெரிந்தால் காற்று அதிகம். பஞ்சர் கடையில் ட்யூபைப் பிரித்துப் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் அது முள் குத்தியதல்ல, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியது. அடுத்த முறை 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள். காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர் ஒன்றையே எப்போதும் பயன்படுத்துங்கள்; இரண்டு பம்பில் இரண்டு கணக்கு வரும். காலை ஆறு மணிக்கு அடித்த காற்று பத்து மணி வெயிலில் சற்று ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்யூப்லெஸ் என்றால் ஒரு டயருக்கு 30 முதல் 40 மில்லி சீலன்ட், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். வேலிக்காத்தான் முள்ளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. டயர் பக்கவாட்டில் கிழிந்தால் மட்டும் சீலன்ட் உதவாது. பழைய டயரிலிருந்து வெட்டிய 5 செமீ துண்டு ஒன்றைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் வைத்திருந்தால் உள்ளே வைத்து ட்யூப் போட்டு ஓட்டிவிடலாம்.

சக்கரம்: 32 போக்ஸ் கம்பி உள்ள சாதாரண அலுமினிய ரிம் போதும். ரேஸுக்கு ஒரு வாரம் முன்பு கோட்டம் எடுத்து, அதன் பிறகு 50 கிமீ மோசமான ரோட்டில் ஓட்டி, மறுபடி பார்க்கவேண்டும். புதிதாகக் கட்டிய சக்கரம் முதல் அதிர்விலேயே தளரும். முதல் நாள் மாலை கோட்டம் எடுத்து மறுநாள் ரேஸுக்குப் போவது, பரீட்சைக்குப் போகிற வழியில் பேனா வாங்குகிற மாதிரி.

ஹேண்டில்பாருக்கு இரண்டு சுற்று டேப். அடிச்சுற்றுக்குக் கீழே, கை வைக்கும் இடத்தில் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி ஒட்டினால் இன்னும் நல்லது. கையுறை அவரவர் விருப்பம் என்பார்கள். 2021 அக்டோபரில் நடந்த முதல் பெண்கள் ரூபே ரேஸில் லிஸ்ஸி டைக்னன் வெறுங்கையோடு 80 கிமீக்கு மேல் தனியாகப் போய் ஜெயித்தார். முடிக்கும்போது ஹேண்டில்பார் டேப்பில் ரத்தம். ஜெயித்தது கையுறை போடாததால் அல்ல. மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடுங்கள். கொப்புளம் அதன் அடியில்தான் கிளம்பும்.

பாட்டில் கூண்டின் உள்பக்கம் ட்யூப் துண்டு ஒட்டினால் பாட்டில் எகிறாது. சீட் கம்பத்தில், கிளாம்புக்கு மேலே ஒட்டிய டேப் கோடு மறைந்துவிட்டால் சீட் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கல்லில் இது அடிக்கடி நடக்கும், முழங்கால் வலிக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். டார்க் ஸ்பேனர் இல்லாத கடையில் கார்பன் பாகத்தை இறுக்க விடாதீர்கள். செயின் கழன்று விழுவது இன்னொரு தலைவலி: கல்லில் எப்போதும் பெரிய பல்சக்கரத்தில் இருங்கள், செயின் இழுப்பாக நிற்கும். இங்கேயும் அங்கேயும் பெரிய ஏற்றம் கிடையாது. தொழில்முறைக்காரர்கள் ரூபேக்குச் சின்னப் பல்சக்கரத்தையே 42, 44 பல் உள்ளதாக மாற்றிக்கொண்டு வருவார்கள்.

கல்லில் எப்படி ஓட்டுவது

வழக்கமான கியரைவிட ஒரு பல் கனமாகப் போடுங்கள். நிமிஷத்துக்கு 90 சுற்று சுற்றுகிறவர் கல்லில் 75க்கு இறங்கவேண்டும். கனமாக மிதிக்கும்போது உடம்பின் எடை காலுக்குப் போகிறது, சீட் குத்துவது குறைகிறது. உடம்பை இரண்டு விரல்கடை பின்னால் தள்ளி, கையை ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் வைத்து, முழங்கையை மடக்கி, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். கட்டைவிரல் மட்டும் கம்பிக்குக் கீழே சுற்றியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கல் போதும், கை நழுவும். இறுக்கிப் பிடிக்கிறவர் 10 நிமிஷத்தில் முன்கை மரத்து பிரேக் பிடிக்க முடியாமல் போவார்.

மிதிப்பதை நிறுத்தாதீர்கள். செயினில் இழுப்பு இருக்கும்வரை பின்சக்கரம் நேராக ஓடும். மிதியை நிறுத்திய அடுத்த விநாடி வண்டி தள்ளாடும். வேகமாகப் போனால் கல் மென்மையாகத் தெரியும் என்பதும் நிஜம்தான்: மெதுவாகப் போகும் சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி ஏறுகிறது, வேகமான சக்கரம் தாண்டிவிடுகிறது. ஆகவே துண்டுக்குள் நுழையும்போது உச்ச வேகம், பிறகு அதைக் காப்பாற்றுவது. உள்ளே போய் வேகம் எடுப்பது இரண்டு மடங்கு செலவு.

பார்வை 10, 15 மீட்டர் முன்னால். காய்ந்த கல்லில் பாதையின் மேடான நடு முதுகில் போங்கள். ஓரத்து மண் பாதை வழவழப்பாகக் கூப்பிடும். கண்ணாடிச் சில்லும் முள்ளும் வந்து சேர்வதும் அங்கேதான். கும்பல் இல்லாதபோது, ஓரம் சுத்தமாக இருப்பதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் இறங்கலாம். ஈரத்தில் நடு முதுகு மீன் செதில் மாதிரி வழுக்கும். அப்போதும் நேராகப் போகிறவரை ஒன்றும் ஆகாது. திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும்தான் விழுகிறார்கள். வளைவுக்கு முன்பே, மண்ணோ தாரோ இருக்கும் இடத்தில் பிரேக்கை முடித்துவிட்டு, கல்லில் வெறுமனே உருண்டு திரும்புங்கள். 2021இல் ஆண்கள் ரேஸ் மழையில் நடந்தது. ஜெயித்த சோன்னி கோல்பிரெல்லிக்கு அதுதான் முதல் ரூபே. சேறு மூடிய முகத்தோடு கடைசி வரை மிதியை நிறுத்தாமல் வந்தார்.

பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒருநாள் சல்லி ரோட்டில் 5 நிமிஷம் பலமாக, 5 நிமிஷம் தார் ரோட்டில் நிதானமாக, நான்கு முறை. இன்னொரு நாள் அதைவிட முக்கியமானது: 3 நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓட்டி, ஓய்வே எடுக்காமல் தொடர்ந்து 20 நிமிஷம் பேச முடியாத வேகத்தில் ஓட்டுவது. தப்பி ஓடும் கும்பலில் சேருவதென்பது அப்படித்தான் இருக்கும். இடவப்பாதி மழையில் வெளியே போக முடியாத நாட்களில் வீட்டுக்குள் வண்டியை நிறுத்தி மிதிக்கும் ட்ரெய்னரில் இதைச் செய்யலாம், எதிரில் மின்விசிறி வைத்துக்கொண்டு. ஹேமனுக்கு 2016 பிப்ரவரி இறுதியில் இன்னொரு கல் ரேஸில் விழுந்து கை எலும்பு முறிந்தது. ரூபேக்கு இருந்த ஆறு வாரத்தில் பெரும்பகுதியை வீட்டு ட்ரெய்னரில்தான் ஓட்டினார். ரோட்டுக்கு வராமல் கால் வளர்க்கலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

முன்னால் போவது

இங்கேதான் பேர் தெரியாதவருக்கு இருக்கும் ஒரே சொத்து வேலை செய்கிறது: யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். பேர் பெற்றவர் சீட்டிலிருந்து எழுந்தாலே பத்துப் பேர் பின்னால் எழுவார்கள். நீங்கள் போனால், "போகட்டும், கல்லில் பிடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஹேமனும் ஜாக்சனும் ஜெயித்தார்கள். ஹேமன் 16 பேர் கும்பலில் கல் தொடங்குவதற்கு முன்பே போனார். ஜாக்சனின் கும்பலில் 18 பேர். பின்னால் வந்த பெரிய ஆட்கள் வழுக்கி விழுந்து எழுந்து, துரத்துவது யார் என்று தீர்மானிப்பதற்குள் கல் தீர்ந்துபோயிற்று.

எப்போது கிளம்புவது? முதல் 5 கிமீயில் எல்லோரும் பாய்வார்கள், அது வீண். ஒரு முயற்சி பிடிபட்டு, கும்பல் மூச்சு வாங்கி வேகம் குறைகிற அந்த 10 விநாடிதான் உங்களுடையது. கும்பலில் பத்தாவது, பதினைந்தாவது ஆளாக இருந்து, முன்வரிசைக்காரர்கள் இருக்கும் ஓரத்துக்கு எதிர் ஓரத்தில் பாயுங்கள். உங்கள் சக்கரத்தில் யாரும் தொற்ற முடியாத இடைவெளி கிடைக்கும். 20 விநாடி முழு பலம். பிறகு 3 நிமிஷம் கடினம். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்க்கவேண்டும். இப்படி நான்கு முயற்சிக்கு மேல் வேண்டாம். நான்கும் பிடிபட்டால் அன்றைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது, கும்பலில் ஒளிந்துகொள்ளுங்கள்.

எத்தனை பேரோடு போவது என்பதும் பெரிய விஷயம். மூன்று பேர் போதாது, களைத்துவிடுவார்கள். இருபதுக்கு மேல் போனால் வேலை செய்யாமல் ஒட்டிக்கொள்கிறவர்கள் சேர்வார்கள். ஊர்ப் போட்டிக்கு ஆறிலிருந்து பத்துப் பேர் சரி. பேர் பெற்ற ஆளின் அணிக்காரர் ஒருவர் கும்பலில் இருந்தால் கொண்டாடுங்கள்: முன்னால் போய்க் காற்றைத் தாங்கும் முறையை அவர் எடுக்க மாட்டார், ஆனால் அவர் முன்னால் இருக்கும்வரை அந்த அணி பின்னால் துரத்தாது. முறை ஒன்றுக்கு 20 முதல் 30 விநாடி. முன்னால் வரும்போது வேகத்தைக் கூட்டிப் பெருமை காட்டாதீர்கள். கும்பல் உடைந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கல் துண்டு வருவதற்கு 500 மீட்டர் முன்பு முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிடுங்கள், அது உங்கள் முறையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னொரு லாபமும் உண்டு. முன்னால் இருக்கும்போது பஞ்சரானால் நிற்க நேரம் இருக்கிறது. 2007இல் ஸ்டூவர்ட் ஓ'கிரேடி முதல் கும்பலில் போய், பஞ்சராகி, பின்னால் வந்த பெரிய ஆட்களின் கும்பலில் போய் விழுந்தார். அங்கே அமர்ந்து இளைப்பாறி, மறுபடி கிளம்பி, ரூபேயில் ஜெயித்த முதல் ஆஸ்திரேலியர் ஆனார். பின்னால் இருக்கும்போது அதே பஞ்சர் ஆகியிருந்தால் அன்றைய கதை அத்தோடு முடிந்திருக்கும்.

கணவாய்க் காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, சைக்கிள்காரர்களுக்குக் கல் இல்லாத கல். பக்கக் காற்றில் கும்பல் சாய்வு வரிசையாக விரியும். காற்று வரும் பக்கம் முதல் ஆள், மற்றவர்கள் அவருக்கு மறுபக்கம் பின்னால் பின்னால். பஞ்சாயத்து ரோட்டு அகலத்துக்கு அஞ்சாறு பேர்தான் அந்த வரிசையில் அடங்குவார்கள். ஏழாவது ஆள் ஓரத்து மண்ணில் ஒதுக்கமே இல்லாமல் தனியாகத் திணறுவார். வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகத் தெற்கே வரும்போது காற்று வலப்பக்கம், ஒதுக்கம் இடது ஓரத்தில். வடக்கே போகும்போது ஒதுக்கம் நடு ரோட்டுப் பக்கம் போய்விடும், எதிரே லாரி வரும். ஆகவே பழகுவது தெற்கே வரும்போது மட்டும், அதுவும் இருவர் அகலத்துக்கு மேல் வேண்டாம். மூடிய ரோட்டில் ரேஸ் என்றால், திசை திரும்பும் வளைவுக்கு ஒரு கிமீ முன்பே முதல் ஐந்துக்குள் இருப்பவர்தான் பிழைப்பார்.

மீனாட்சிபுரம் பக்கம் ரயில் பாதை குறுக்கிடும். கேட் மூடியிருந்தால் நில்லுங்கள், கீழே குனிந்து போகாதீர்கள். 2006 ரூபேயில் லெய்ஃப் ஹோஸ்ட், பீட்டர் வான் பெட்டகம், விளாதிமிர் குசெவ் மூவரும் மூடிய கேட்டைத் தாண்டிப் போய், இரண்டு, மூன்று, நான்காம் இடங்களில் வந்தும் தகுதி இழந்தார்கள். ரேஸ் நடத்துகிறவர்கள் பாதையை ஒரே மாநிலத்துக்குள் முடித்துக்கொண்டால் நல்லது. எல்லை தாண்டினால் இரு பக்கத்துக் காவல்துறையிடமும் அனுமதிக்கு அலையவேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, பழகியவருக்கு 80 வரை. பழுத்த நேந்திரம்பழம் ஒன்றில் சுமார் 40 கிராம் இருக்கும். அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் வெல்லம் அல்லது சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை: இது ஒரு பாட்டில். ஒரு மணிக்கு ஒரு பாட்டிலும் அரைப் பழமும் என்றால் கணக்கு முடிந்தது. ஏப்ரல் வெயிலில் இதோடு வெறும் தண்ணீர் ஒரு பாட்டில் கூடுதலாக வேண்டும். கடலை மிட்டாய் முதல் மணி நேரத்தில் சரி, பிறகு வேண்டாம்; கடலையின் எண்ணெய் செரிக்க நேரம் எடுக்கும். கல் துண்டுக்குள் கையை எடுத்துச் சாப்பிட முடியாது. ஆகவே துண்டு முடிந்ததும் இரண்டு கடி, ஒரு மடக்கு, அதைப் பழக்கமாக்குங்கள். பசி தெரிந்த பிறகு சாப்பிடுவது பயன்படாது. சித்தூர்க் கள் உலகப் பிரசித்தம்தான், ரேஸ் முடிந்த பிறகு.

பிடிபட்ட பிறகு

பெரிய ஆட்கள் வந்து பிடித்ததும் பெரும்பாலானவர்கள் மனம் விட்டுவிடுவார்கள். தப்பு. வந்து சேர்ந்தவர்கள் துரத்திக் களைத்தவர்கள். நீங்கள் சொந்த வேகத்தில் வந்தவர். வரிசைக் கடைசியில் உட்காருங்கள், முறை கேட்டால் தலையசைத்து மறுத்துவிடுங்கள். நான்கு முறை ரூபே ஜெயித்த டாம் பூனன் இருந்த சிறு கும்பல், கடைசிக் கல் துண்டுகளில் ஹேமனைக் கழற்றிவிட்டது. அவர் பாய்ந்து துரத்தவில்லை. சொந்த வேகத்தைக் காத்து, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வேகம் குறைத்தபோது வந்து ஒட்டிக்கொண்டார். இடைவெளி 10 விநாடியாக இருக்கும்போது பதறி முழு பலத்தையும் போடுகிறவர் சேர்ந்ததும் அணைந்துபோவார். 10 விநாடியை 2 நிமிஷத்தில் மூடுங்கள், 20 விநாடியில் அல்ல.

கடைசி 5 கிமீ

பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டெரெய்லரைக் குனிந்து ஒருமுறை பாருங்கள். 1988இல் டிர்க் டெமோலும் தோமாஸ் வெக்முல்லரும் 200 கிமீக்கு மேல் முன்னால் ஓடி, இருவராகவே முடிவுக்கு வந்தார்கள். பலசாலி வெக்முல்லர்தான். ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்து அவர் டெரெய்லரில் சிக்கியது. பையை எடுத்தும் கியர் மாறவில்லை, டெமோல் ஜெயித்தார். நம்மூர் ரோட்டோரத்தில் பிளாஸ்டிக் பைக்குப் பஞ்சமே இல்லை. சிக்கினால் உடனே மிதியை நிறுத்திப் பின்னோக்கி அரைச் சுற்று சுற்றிப் பாருங்கள். பலத்தால் இழுத்தால் டெரெய்லர் கொக்கி ஒடிந்துவிடும்.

காற்று மெதுவாக இறங்கினால் நிற்காதீர்கள். வான்சுமரனின் பின்டயர் கடைசி 5 கிமீயில் இறங்கிக்கொண்டே வந்தது. அப்படியே ஓட்டி முடித்தார். பின்டயர் என்றால் எடையை முன்னால் கொண்டுவந்து, வளைவில் வண்டியைச் சாய்க்காமல் திரும்பவேண்டும். முன்டயர் என்றால் வேறு கணக்கு: வளைவு இருந்தால் நின்றுவிடுங்கள், பல் மிஞ்சும்.

ரூபேயில் முடிவு 500 மீட்டர் சுற்றளவுள்ள திறந்தவெளி கான்கிரீட் மைதானத்தில், ஒன்றரைச் சுற்று. ஊர்ப் போட்டியில் பள்ளிக்கூட மைதானமோ தேர் வீதியோ இருக்கும். முதல் நாள் மாலையே கடைசி வளைவிலிருந்து கோடு வரை காலால் நடந்து அளந்து வையுங்கள். எதிர்க்காற்று என்றால் 150 மீட்டரில் பாயவேண்டும், பின்காற்று என்றால் 250. வளைவிலிருந்து கோடு 200 மீட்டருக்குக் குறைவு என்றால், வளைவில் முதலாவதாக நுழைகிறவர்தான் ஜெயிப்பார்; அங்கே பின்னால் காத்திருப்பது வீண் சாமர்த்தியம். நாலைந்து மணி நேரம் கல்லில் அடிபட்ட காலுக்கு வேகக்காரர், மெதுக்காரர் வித்தியாசம் அதிகம் தெரியாது. கடைசிப் பாய்ச்சலில் பேர்போன பூனனை 37 வயது ஹேமன் அதே பாய்ச்சலில் வென்றது அதனால்தான்.

முடிந்த அன்றே டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், முறிந்த முள் நுனி உள்ளே ஒளிந்திருக்கும். ஃபோர்க், ஸ்டெம் இணைப்புகளை ஈரத் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் இரண்டு மூன்று நாள் மரத்திருக்கும். ஒரு வாரம் தாண்டியும் மரத்தே இருந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். அடுத்த ரேஸுக்கு ஹேண்டில்பார் டேப்பை மூன்று சுற்றாக்குங்கள்.